தீவன வாணிகம் வளர்த்த வில்லியம் டான்போர்த்

விடியற்காலையில் கதவைத் திறந்ததும் வாயிலில் கிடக்கும் பால் பைகளை எடுத்து உள்ளே வைப்பது கோந்த்வாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் முதற்கடமை. டிகாஷன் இறங்கியிருக்கும், பால் பொங்கும், காப்பியின் மணத்தோடு நாள் பிறக்கும். அந்தப் பால் எந்த மாட்டின் மடியில் சுரந்தது, அந்த மாடு முன்னாள் மாலை என்ன தின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

நம் பாட்டிமார் எண்ணினார்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டி, தவிடும் புண்ணாக்கும் கலந்து, கழுநீர்த் தொட்டியில் கரைத்து வைத்தார்கள். எந்தப் பசுவுக்கு எது ஒத்துக்கொள்ளும், எதை வைத்தால் ஆழாக்குப் பால் கூடும், எதை வைத்தால் வயிறு உப்பும் என்பதெல்லாம் ஏட்டில் எழுதாத கணக்காக அவர்கள் நெஞ்சில் இருந்தன. நாம் குடியேறியுள்ள இந்த மராட்டிய மண்ணிலும் அதே கணக்கு உண்டு. போப்தேவ் மலைப்பாதை வழியாகச் சாஸ்வடுக்குச் சென்றால், சோளத்தட்டையைக் கட்பா என்றும், பருத்திக்கொட்டையைச் சர்க்கி என்றும், புண்ணாக்கைப் பேண்டு என்றும் பெயரிட்டு உழவர் பேசுவதைக் கேட்கலாம். பெயர்தான் வேறு, மாட்டின் பசி ஒன்றே.

நெஞ்சில் இருந்த இந்தக் கணக்கை ஆலைக்குக் கொண்டுவந்து, மூட்டையில் கட்டி, முத்திரையிட்டு, நாடெங்கும் விற்கலாம் என்று கண்ட முன்னோடிகளுள் ஒருவர் வில்லியம் ஹென்றி டான்போர்த் என்னும் அமெரிக்கர். மண்வெட்டியால் தரையில் கிளறிக் கலந்த தீவனத்தோடு தொடங்கிய அவரது வாணிகம், தந்தை வளர்க்க, மைந்தன் பெருக்க, உலகறிந்த நிறுவனமாயிற்று. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. ஊரை விட்டு வந்து, பிழைப்பைக் கட்டி, பிள்ளைகளை ஆளாக்கி, அவர்கள் கையில் எதை எப்போது ஒப்படைப்பது என்று எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு அவருடைய வரலாறு அந்நியமானதன்று. ஆகவே அதனை இம்மலரில் சுருக்கி உரைக்க முற்படுகிறோம்.

நலிந்த பிள்ளை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில் மிசௌரி மாநிலம் உள்ளது. அதன் தென்கிழக்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றை அடுத்த தாழ்நிலத்தில், சார்ல்ஸ்டன் என்னும் சிற்றூர். அங்கே 1870ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் வில்லியம் பிறந்தார். தந்தையார் அவ்வூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வேளாண் குடியினர் வாரம் ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு வந்து, தமக்கு வேண்டிய துணியும் உப்பும் ஆணியும் வாங்கிப் போவார்கள். எவர் எதை விரும்பி வாங்குகிறார், எவர் எந்தச் சொல்லுக்கு இணங்குகிறார் என்பதைக் கடைப்பலகையின் பின்னால் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வாணிகப் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

அந்நாளில் அவ்வட்டாரம் சதுப்பு நிலம். கொசுவும் குளிர்காய்ச்சலும் மிகுந்த இடம். வில்லியம் நலிந்த உடலும் வெளிறிய முகமும் கொண்ட பிள்ளையாக இருந்தார். உடன் பயின்ற பிள்ளைகள் ஓடி விளையாட, இவர் ஒதுங்கி நின்றார். ஆசிரியர் ஒருவர் ஒருநாள் இவரைப் பெயர் சொல்லி எழுப்பி, வகுப்பிலேயே உடல்நலம் மிக்க பிள்ளையாக ஆகிக் காட்ட முடியுமா என்று அறைகூவல் விடுத்தார். இரக்கம் காட்டாமல் சவால் விட்ட அந்த ஆசிரியரின் சொல் பிள்ளையின் மனத்தில் தைத்தது. அன்று முதல் தூய காற்று, உடற்பயிற்சி, அளவான உணவு, போதிய உறக்கம் என்று நெறி வகுத்துக்கொண்டு உடலைத் தேற்றினார். எண்பத்தைந்து வயது வரை வாழ்ந்த அவர், அந்த ஆசிரியருக்குத் தாம் பட்ட கடனை இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மேற்படிப்புக்காகச் செயிண்ட் லூயி நகருக்கு வந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1892இல் பட்டம் பெற்றார். பொறியியல் கற்றவர் முதலில் இறங்கியது செங்கல் வாணிகத்தில். ஆனால் பனிக்காலம் வந்தால் வீடு கட்டுவார் இலர், செங்கல்லும் விலைபோகாது. ஆண்டில் சில திங்கள் கை நிறையும். சில திங்கள் கை முடங்கும். ஆண்டு முழுவதும் எவருக்கேனும் தேவைப்படும் பொருள் எது என்று ஆராய்ந்தார். உண்பது ஒன்றே ஓயாத தேவை. மனிதர் உண்ணும் பொருளை விற்போர் ஏராளம்; மாட்டுக்கும் குதிரைக்கும் உணவு விற்போர் குறைவு. அங்கே தம் வழி இருப்பதாக அவருக்குத் தோன்றிற்று.

மூவர் கூட்டு

1894ஆம் ஆண்டில் ஜார்ஜ் ராபின்சன், வில்லியம் ஆண்ட்ரூஸ் என்னும் இரு நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து, ராபின்சன்-டான்போர்த் கமிஷன் கம்பெனி என்ற பெயரில் தீவன வாணிகம் தொடங்கினார். அப்பொழுது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர்.

அக்காலத்துச் செயிண்ட் லூயியை நாம் மனக்கண்ணால் காண வேண்டும். மிசிசிப்பி ஆற்றின் துறையில் நீராவிக் கப்பல்கள் வந்து நிற்கும். சரக்கை இறக்கி நகருக்குள் கொண்டு செல்வதும், நிலத்தை உழுவதும், மரத்தை இழுப்பதும் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமே. அவற்றுக்கு வைக்கப்பட்ட தீனி இரண்டு. ஒன்று ஓட்ஸ் என்னும் தானியம், மற்றொன்று மக்காச்சோளம். ஓட்ஸ் உமியோடு கூடியது, வயிற்றுக்கு இதமானது, ஆனால் விலை மிகுதி. மக்காச்சோளம் மலிவானது, ஆனால் செறிந்த மாவுப் பொருள். குதிரையின் இரைப்பை உடலை நோக்கச் சிறியது. தின்றதை வாந்தியெடுக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. மிகுதியாக மக்காச்சோளம் தின்ற விலங்கு வயிற்றுவலியால் துடித்துத் தரையில் புரளும். பல வேளைகளில் மடியும். ஒரு விலங்கு மடிந்தால் வண்டிக்காரன் பிழைப்பும் அதனோடு மடிந்தது.

டான்போர்த்தின் கூட்டு நிறுவனம் இவ்விரண்டையும் அளவறிந்து கலந்து விற்றது. ஓட்ஸைக் காட்டிலும் விலை குறைவு, தனி மக்காச்சோளத்தைக் காட்டிலும் ஆபத்துக் குறைவு என்பதே அவர்கள் மக்களுக்குக் கூறிய செய்தி. தொடக்கத்தில் ஆலை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. தரையில் தானியத்தைக் கொட்டி மண்வெட்டியால் கிளறிக் கலந்தார்கள். சாக்கில் கட்டி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் விற்றார்கள். பொறியியல் பட்டம் பெற்ற இளைஞர் மண்வெட்டி பிடிக்க நாணவில்லை. கணக்கு எழுதியதும், மூட்டை கட்டியதும், வண்டிக்காரரிடம் பேசியதும் அவரே. இன்ன அளவு கலந்தால் இன்ன பயன் என்பதைக் கைப்பழக்கமாக அறிந்துகொண்டது அந்நாளில்தான்.

ஒருநாள் கடந்து ஓர் அழிவு

1896ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் டான்போர்த் நிறுவனத்தின் பெரும்பங்கைத் தம் பெயருக்கு வாங்கி அதன் தலைவரானார். தம் வாழ்வு தம் கைக்கு வந்தது என்று அவர் எண்ணியிருக்கலாம். மறுநாள், மே 27ஆம் நாள் மாலை, செயிண்ட் லூயி நகரைச் சுழற்காற்று தாக்கிற்று. அமெரிக்க வரலாற்றில் மிகக் கொடியவற்றுள் ஒன்றாக எண்ணப்படும் காற்று அது. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் கோயில்களும் பாலத்தின் பகுதிகளும் சிதைந்தன. டான்போர்த்தின் தீவன ஆலையும் அழிந்தது.

எண்ணிப் பாருங்கள். முன்னாள் முதலாளி, மறுநாள் இடிபாட்டுக்கு உரியவர். கையில் இருந்ததை எல்லாம் பங்கு வாங்குவதில் இட்டாயிற்று. ஈடு காட்ட ஒரு சுவரும் இல்லை. இளம் மனைவி ஆடாவும் அவரும் வாழ்வைத் தொடங்கியிருந்த நேரம் அது. வேறொருவராயின் செங்கல் சூளைக்கே திரும்பியிருப்பார்.

டான்போர்த் வங்கிக்குச் சென்றார். ஈடாகக் கொடுக்க அவரிடம் இருந்தது நாணயம் ஒன்றே. இரண்டாண்டு வாணிகத்தில் சொன்ன சொல் தவறாதவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயரை நம்பி வங்கியார் ஈடில்லாமல் கடன் வழங்கினர். அந்தப் பணத்தைக் கொண்டு ஆலையை மீண்டும் எழுப்பினார். நல்ல பெயர் என்பது மூலதனத்தில் சேர்க்கத்தக்க பொருள் என்பதை அந்த ஒரு நாள் அவருக்குக் கற்பித்தது. பின்னாளில் தம்மிடம் வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு அவர் நாணயத்தைப் பற்றி ஓயாமல் பேசியதற்குக் காரணம் இந்த அனுபவமே.

பெயரும் முத்திரையும்

1898இல் டான்போர்த் மனிதர் உண்ணும் முழுக்கோதுமை உணவு ஒன்றையும் விற்கத் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் பியூரினா. தூய்மை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து ஆக்கிய பெயர் அது. அக்காலத்தில் டாக்டர் ரால்ஸ்டன் என்ற பெயரில் ஒருவர் உடல்நல மன்றங்கள் நடத்தி வந்தார். அவரைப் பின்பற்றியோர் பல இலட்சம் என்று சொல்லப்பட்டது. அவர் தம் மன்றத்தாருக்கு இக்கோதுமை உணவைப் பரிந்துரைக்க, டான்போர்த் தம் பொருளுக்கு அவர் பெயரை இட இசைந்தார். 1902இல் நிறுவனம் ரால்ஸ்டன் பியூரினா என்று பெயர் மாறியது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அந்த ரால்ஸ்டன் என்பவரின் இயற்பெயர் வெப்ஸ்டர் எட்ஜர்லி. அவருடைய கொள்கைகளுள் பல அறிவியலுக்கு ஒவ்வாதவை. இன வேற்றுமையும் அவற்றில் கலந்திருந்தது. விற்பனை பெருகும் என்பதற்காக டான்போர்த் ஒரு பெயரைக் கடன் வாங்கினார். மன்றங்கள் மறைந்தன, கொள்கையும் மறக்கப்பட்டது. பெயர் மட்டும் நூறாண்டுக் காலம் நிறுவனத்தின் நெற்றியில் இருந்தது. பெரியோர் வாழ்விலும் இத்தகைய சறுக்கல்கள் உண்டு.

மற்றொரு முத்திரையோ முழுதும் அவருக்கே உரியது. சார்ல்ஸ்டனில் தந்தையின் கடைக்கு வந்த குடும்பங்களுள் ஒன்றின் தாய், ஒரே கட்டுக் கட்டம்போட்ட துணியை வாங்கி, வீட்டிலுள்ள அனைவருக்கும் உடை தைத்து அணிவிப்பாளாம். சிவப்பும் வெள்ளையுமான அந்தக் கட்டங்களைத் தொலைவில் கண்டாலே இன்னார் பிள்ளைகள் என்று ஊரார் அறிந்துகொள்வார்கள். தீவன மூட்டைகள் எல்லாம் ஒரே மாதிரியாகக் கிடக்கும் சந்தையில் தம் மூட்டை மட்டும் தனித்துத் தெரிய வேண்டும் என்று எண்ணியபோது, டான்போர்த்துக்கு அந்த உடை நினைவுக்கு வந்தது. சதுரங்கப் பலகை போன்ற சிவப்பு வெள்ளைக் கட்டங்களைத் தம் மூட்டைகளில் அச்சிட்டார். எழுத்தறியாத உழவனும் கட்டத்தைக் கண்டு மூட்டையை அடையாளம் கண்டான். கடைகளின் முகப்பிலும், ஆலையின் சுவரிலும், நிறுவனத்தாரின் கழுத்துப்பட்டையிலும் அந்தக் கட்டமே விளங்கிற்று.

போர்க்களம் தந்த சொல்

முதல் உலகப் போர் மூண்டபோது டான்போர்த் இளைஞர் அல்லர், ஐம்பதை நெருங்கியவர். எனினும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் சார்பில் பிரான்சுக்குச் சென்று, அமெரிக்கப் படைவீரர்களுக்குத் தொண்டு செய்தார். அங்கே ஒன்றைக் கவனித்தார். சாப்பாட்டை வீரர்கள் சௌ என்னும் கொச்சைச் சொல்லால் குறித்தனர். அந்தக் குரல் கேட்டதும், களைத்துக் கிடந்தவரும் துள்ளி எழுந்து தட்டேந்தி ஓடினர். ஒரே சொல்லில் பசியும் மகிழ்ச்சியும் இருந்தன.

நாடு திரும்பியதும் தம் தீவனங்களுக்கு அந்தச் சொல்லையே சூட்டினார். மாட்டுக்கு ஒரு சௌ, கன்றுக்கு ஒரு சௌ, கோழிக்கு ஒரு சௌ என்று வகைக்கு ஒரு பெயர் பிறந்தது. முகாமில் கேட்ட சொல் தொழுவத்துக்கு வந்தது.

இந்த மாற்றத்தின் பின்னே ஒரு நெருக்கடியும் இருந்தது. எந்த விலங்குகளை நம்பி அவர் வாணிகம் தொடங்கினாரோ அந்தக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் குறையத் தொடங்கின. மோட்டார் லாரி தெருவுக்கு வந்தது. டிராக்டர் வயலுக்கு வந்தது. இனித் தீவனம் தின்னப்போவது வண்டி இழுக்கும் விலங்கன்று. பால் தரும் பசுவும், முட்டையிடும் கோழியும், இறைச்சிக்கு வளர்க்கும் விலங்குகளுமே என்பது தெளிவாயிற்று. ஆனால் அவற்றின் தேவை வேறு. குதிரை இளைக்காமல் உழைத்தால் போதும். பசுவோ, தின்றதைப் பாலாக மாற்றிக் கணக்குக் காட்ட வேண்டும். உழவன் ஒரு கையில் தீவனச் செலவையும் மறு கையில் பால் வரவையும் வைத்து எடை போடுவான். எனவே அறிவியல் தேவைப்பட்டது.

தந்தையும் மைந்தனும்

டான்போர்த்துக்கு டொனால்ட் என்னும் மகனும் டோரத்தி என்னும் மகளும் பிறந்தனர். டொனால்ட் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1920இல் தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்த உடனே நாட்டில் விலைவாசி சரிந்தது. உழவர் கையில் பணமில்லை. தீவன வாணிகம் தளர்ந்தது.

தந்தைக்கும் மைந்தனுக்கும் உள்ள வேற்றுமை இப்போது புலப்பட்டது. தந்தை விற்பனையில் வல்லவர். ஊக்கம் ஊட்டும் பேச்சு, ஒளிவீசும் முகம், திங்கட்கிழமைதோறும் தொழிலாளர்க்கு எழுதும் மடல் ஆகியவையே அவருடைய கருவிகள். உள்ளம் உயர்ந்தால் விற்பனை உயரும் என்பது அவர் நம்பிக்கை. மைந்தனோ, மூட்டைக்குள் இருப்பது மெய்யாகவே மேம்பட்டதென்று எண்ணிக்கை காட்டி மெய்ப்பித்தால் ஒழிய உழவன் மீண்டும் வாங்கமாட்டான் என்று கருதினார். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும், சோதனைப் பண்ணை வேண்டும், கற்றறிந்தோர் வேண்டும். உடனடி வருவாய் இல்லாத செலவு அது.

மண்வெட்டி பிடித்துக் கலந்தே கற்றுக்கொண்ட தந்தைக்கு, இருபதைக் கடந்த மகன் வந்து ஆராய்ச்சி வேண்டும் என்று சொல்வது எளிதில் செரிக்கத்தக்க செய்தியன்று. நம் வீடுகளிலும் இதுவே நிகழ்கிறது அன்றோ? நாம் பட்டறிந்து கண்ட வழியை, பிள்ளை படித்தறிந்து வந்து மாற்ற முனையும்போது நம் உள்ளம் சுருங்குகிறது. டான்போர்த் இறுதியில் இசைந்தார். 1926இல் செயிண்ட் லூயிக்கு மேற்கே கிரே சம்மிட் என்னும் இடத்தில் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பண்ணை தோன்றிற்று. மாடும் கோழியும் பன்றியும் அங்கே வளர்க்கப்பட்டன. எந்தக் கலவை தின்ற பசு எவ்வளவு பால் தந்தது என்று நாள்தோறும் அளந்து எழுதப்பட்டது. பண்ணையில் தேறிய கலவையே மூட்டைக்கு வந்தது.

பசுவின் வயிறு நான்கு அறைகள் கொண்டது என்பதை நாம் அறிவோம். முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் தட்டையையும் நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. ஆகவே நார்த்தீவனம் இன்றிப் பசு வாழாது. ஆனால் நார்த்தீவனம் மட்டும் தின்ற பசு தன் உடலைக் காத்துக்கொள்ளுமே ஒழிய, மிகுதியாகப் பால் சுரக்காது. புண்ணாக்கிலிருந்து புரதமும், தானியத்திலிருந்து ஆற்றலும், தவிடும் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் அளவோடு சேர வேண்டும். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் வெல்லப்பாகு சேர்த்தால் தூசி அடங்கும், சுவையும் கூடும். இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்பது கறவைப் பசுவுக்கு இன்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எருமைப் பாலில் கொழுப்பு மிகுதியாதலால் அதற்கு இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ என்பர். நம் பாட்டிமார் கைப்பிடியால் அளந்ததையே பண்ணையில் தராசால் அளந்தனர்.

1920களின் தொடக்கத்தில் தூளான தீவனத்தைச் சிறு கட்டிகளாக அழுத்தி விற்கும் முறையையும் நிறுவனம் கையாண்டது. தூளாக வைத்தால் விலங்கு விரும்பியதைப் பொறுக்கித் தின்று மற்றதை ஒதுக்கும். காற்றில் பறப்பதும் உண்டு. கட்டியாக வைத்தால் ஒவ்வொரு வாயிலும் எல்லாச் சத்தும் சேரும்.

ஆயினும் சோதனை மீண்டும் வந்தது. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் உழவர் நிலை சொல்லுந்தரமன்று. பாலை விற்று வரும் பணம் செலவுக்கே போதாதபோது தீவன மூட்டையை யார் வாங்குவார்? 1930க்கும் 1932க்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில் நிறுவனத்தின் விற்பனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. அந்த 1932ஆம் ஆண்டில்தான் டான்போர்த் தலைமைப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார்.

வாணிகம் உச்சியில் இருக்கும்போது பிள்ளையிடம் கொடுப்பதில் வியப்பில்லை. வீழ்ந்து கிடக்கும்போது கொடுப்பதற்கு இருவர்க்கும் துணிவு வேண்டும். பெறுபவர்க்குச் சுமை, கொடுப்பவர்க்கோ தம் கையால் தூக்கி நிறுத்திவிட்டு விலக வேண்டும் என்னும் ஆசை. சுழற்காற்றுக்குப் பின் தம் கையாலேயே ஆலையை எழுப்பியவர், இம்முறை எழுப்பும் பணியை மகனுக்கு விட்டார். டொனால்ட் ஆராய்ச்சியை முன்வைத்து நிறுவனத்தை மீட்டார். 1950களின் நடுப்பகுதி வரை தலைமை தாங்கிப் பன்மடங்கு பெருக்கினார். தாம் பிடித்து வைத்திருந்தால் நிகழ்ந்திராத வளர்ச்சியைத் தந்தை தம் கண்ணாலேயே கண்டார்.

நாற்கட்ட வாழ்வு

பொறுப்பை விட்ட டான்போர்த் ஓய்ந்திருக்கவில்லை. மூட்டையில் பதித்த கட்டத்தை வாழ்க்கைக்கும் பொருத்தினார். ஒரு சதுரத்தை நான்காகப் பிரித்து, உடல், அறிவு, நட்பு, சமயம் என்று பெயரிட்டார். இந்நான்கும் ஒத்து வளர்ந்தாலன்றி மனிதன் முழுமை பெறான் என்பது அவர் கோட்பாடு. 1931இல் ஐ டேர் யூ என்னும் சிறு நூலில் இதனை விளக்கினார். இளமையில் ஆசிரியர் விடுத்த அறைகூவலை அவர் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் விடுத்த நூல் அது. மிச்சிகன் ஏரிக்கரையில் இளைஞர் முகாம் நடத்திய அமெரிக்க இளைஞர் அறநிலையத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். 1927இல் மனைவியாருடன் சேர்ந்து நிறுவிய டான்போர்த் அறநிலையம் கல்விக்கு நீண்ட காலம் பொருளுதவி புரிந்தது.

அவரிடம் வேலை பார்ப்பது எல்லார்க்கும் எளிதாக இருந்திராது. தம் நெறியை மற்றவரும் மேற்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் அவர். உடற்பயிற்சியும் நன்னடத்தையும் ஒருவர் தாமே விரும்பிக் கொள்ளத்தக்கவை. முதலாளி சொல்லிச் செய்யும்போது அதன் சுவை வேறு. ஆயினும் தாம் செய்யாத எதையும் அவர் பிறர்க்குச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செயிண்ட் லூயி நகரில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன் சிறுவர் சிறுமியர் வீடுவீடாகச் சென்று பாடி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு நிதி திரட்டும் வழக்கம் உண்டு. 1911 முதல் அதனைப் பேணி வளர்த்தவர் டான்போர்த். நம் ஊர் மார்கழிப் பஜனைபோல அந்நகரத்தார்க்கு அது இனிய மரபாயிற்று. 1955ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், அதே பண்டிகைக்கு முன்னாள், டான்போர்த் தமது எண்பத்தைந்தாம் வயதில் காலமானார்.

அவருக்குப் பின்

பேரன்மாருள் ஜான் டான்போர்த் 1976 முதல் 1995 வரை அமெரிக்க மேலவையில் மிசௌரி மாநிலத்தின் உறுப்பினராக இருந்தார். பாட்டனார் பெயரையே தாங்கிய வில்லியம் டான்போர்த் மருத்துவராகி, பாட்டனார் பயின்ற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1971 முதல் 1995 வரை பணிபுரிந்தார். தாவர அறிவியல் ஆராய்ச்சிக்கென்று 1998இல் செயிண்ட் லூயியில் தோன்றிய நிலையம் ஒன்று, ஆராய்ச்சி வேண்டும் என்று வாதாடிய மகன் டொனால்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நிறுவனம் குடும்பத்தின் கையில் என்றும் இருக்கவில்லை. 1986இல் கால்நடைத் தீவனப் பகுதி பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. 2001இல் அப்பகுதியை லாண்ட் ஓ லேக்ஸ் என்னும் உழவர் கூட்டுறவு நிறுவனம் வாங்கிற்று. அதே ஆண்டில் நாய் பூனை உணவுப் பகுதியோடு எஞ்சிய ரால்ஸ்டன் பியூரினாவைச் சுவிட்சர்லாந்தின் நெஸ்லே வாங்கிற்று. ஒரு குடும்பம் வளர்த்த தீவன ஆலை கடைசியில் உழவர்களின் கூட்டுடைமைக்கு வந்தது சிந்திக்கத்தக்கது.

நம் நாடு இதற்கு முன்பே அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கிற்று. குஜராத்தில் ஆனந்தை அடுத்த கஞ்சரியில், கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியத்தின் மாட்டுத்தீவனத் தொழிற்சாலையை 1964 அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திறந்து வைத்தார். அப்பயணத்தில் அவர் சிற்றூர் ஒன்றில் உழவர் வீட்டில் இரவு தங்கி, பால் கூட்டுறவு நடைபெறும் முறையை நேரில் கேட்டறிந்தார். அதன் பயனாக 1965இல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. நாடெங்கும் பால் பெருகிய பெரும் முயற்சிக்கு ஒரு தீவன ஆலையின் திறப்பு விழா வாயிலாக அமைந்தது. நம் தமிழகத்திலோ, காங்கேயம் மாட்டினத்தைப் பேணிய பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தைப் போன்றோர், கொழுக்கட்டைப் புல் முளைக்கும் கொறங்காட்டில் கிளுவை வேலி கட்டி மாடு மேய்த்தனர். மூட்டை இல்லை, ஆலை இல்லை, மேய்ச்சல் நிலமே அவர்களுக்குத் தீவனக் களஞ்சியம். வழிகள் பல, மாட்டின் வயிறு நிறைந்தால்தான் வீட்டின் வயிறு நிறையும் என்னும் உண்மை ஒன்று.

டான்போர்த்தின் வாழ்வில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை பல. நலிந்த பிள்ளையைக் கண்டு இரங்காமல் உயர்த்திய ஆசிரியர். ஆலையிழந்த நாளில் கைகொடுத்த நற்பெயர். எவர் கண்ணுக்கும் எளிதில் தெரிந்த கட்ட முத்திரை. இவற்றினும் மேலானதாக நமக்குத் தோன்றுவது, தம் வழியில் செல்லாத மகனிடம் தம் உழைப்பின் பயனை ஒப்படைத்த அந்த 1932ஆம் ஆண்டே.

நாளைக் காலையில் பால் பையை எடுக்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மாடு என்ன தின்னும் என்று அது கேட்கும். பருத்திக்கொட்டையை ஆட்டுக்கல்லில் ஆட்டிய பாட்டியின் கணக்கையும் அப்போது மறவாமல் சொல்லுங்கள்.